இல்லாத மாடிகளை இடித்த வரலாறு

சென்னை மாநகரில் ஒருவருடைய மரியாதை அவர் குடியிருக்கும் மாடியின் எண்ணைப் பொறுத்தது என்பது 1974-ஆம் ஆண்டுவாக்கில் ஐயம் திரிபற நிலைநாட்டப்பட்டது. அதற்கு முன்பு ஊர், உத்தியோகம், சம்பந்தி வகையறா என்று மனிதரை அளந்துகொண்டிருந்தார்கள். அதையெல்லாம் விசாரிக்க நேரம் பிடிக்கும். மாடி எண் சுலபம்.

தி. நகரில் குடைக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம் இதை ஒரு கல்யாணப் பந்தியில் கற்றுக்கொண்டார். பக்கத்து இலைக்காரர், “நாங்க ஆறாவது மாடி” என்று காதில் விழும்படி சொன்னார். அவருக்குப் பாயசம் இரண்டு தடவை வந்தது. கிணறும் முருங்கை மரமுமாகத் தனி வீட்டில் இருந்த மாணிக்கவாசகத்தின் இலைக்கு வந்தபோது வாளியில் கரண்டிச் சத்தம்தான் கேட்டது.

வீட்டை விற்றார். அடையாற்றில் புதிதாக எழும்பியிருந்த ஆகாஷ் மஹாலில் எட்டாவது மாடியை, அதாவது உச்சி மாடியை, வாங்கினார்.

“முருங்கைக்காய்க்கு இனிமே எங்கே போறது?” என்று கேட்டாள் அவர் மனைவி சுந்தரவல்லி.

“பால்கனியில நின்னு பாரு. ஊர்ல இருக்கிற முருங்கை மரம் பூரா தெரியும்.”

“தெரியும். சாம்பார்ல விழாதே.”

உச்சியில் காற்று வந்தது, காக்கை வந்தது. கீரைக்காரி மட்டும் வரவில்லை. சுந்தரவல்லி கயிற்றில் கூடையைக் கட்டிக் கீழே விட்டாள். கீரை ஏறி வந்தது. கத்திரிக்காய் ஏறும் வழியில் ஐந்தாம் மாடி பால்கனிக்காரர்கள் பதம் பார்க்க இரண்டு எடுத்துக்கொண்டார்கள்.

மாணிக்கவாசகத்துக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வருகிறவர்களையெல்லாம் பால்கனிக்கு இழுத்துப் போய், “அதோ கபாலி கோபுரம். அதோ சாந்தோம் மாதாகோயில். அந்தக் கோடியில மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.” என்று தாமே கட்டிவைத்ததுபோல் காட்டினார். வெயில் காலத்தில் எல்.ஐ.சி. புகைமூட்டமாகத்தான் இருக்கும். “தெரியுதா?” என்பார். வந்தவர்கள் காப்பியை உத்தேசித்து, தெரிகிறது என்பார்கள்.

இப்படி ஒரு வருஷம் உயர்வாக ஓடியது. பிறகு எதிர்மனையில் பள்ளம் தோண்டினார்கள். தோண்டியது பள்ளமாக இருந்ததால் மாணிக்கவாசகம் கவலைப்படவில்லை. அது மேலே வரத் தொடங்கியது. பத்து மாடியில் வந்து நின்றது. இந்திர மஹால் என்று பெயர் வைத்தார்கள். கபாலி கோபுரம், மாதாகோயில், எல்.ஐ.சி. மூன்றும் ஒரேயடியாகக் காணாமற்போயின. அவை இருந்த இடத்தில் யாரோ ஒருவருடைய கோடு போட்ட ஜட்டி காய்ந்துகொண்டிருந்தது.

மாணிக்கவாசகம் இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் வேளை ஆகாஷ் மஹால் குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினார். தலைவரும் அவரே.

“மாடியை எதிலேர்ந்து எண்ணணும்னு சட்டம் இருக்கா?” என்று ஆரம்பித்தார். “இங்கிலீஷ்காரன் தரையை விட்டுட்டு எண்ணுறான். அமெரிக்காக்காரன் தரையிலேயே ஒண்ணுங்கிறான். வெள்ளைக்காரனுக்குள்ளேயே ஒத்துமை இல்லாதப்போ நமக்கு மட்டும் என்ன கட்டுப்பாடு? நாம தரைத்தளத்தை மூணாவது மாடின்னு வெச்சு ஆரம்பிப்போம். அப்போ எட்டு பதினொண்ணாகுது. எதிர்த்தாப்பல வெறும் பத்துதான்.”

சபை சிலிர்த்தது. ஆளுக்கு மூன்று மாடி பதவி உயர்வு, அதுவும் சிமெண்டு செலவில்லாமல். தரைத்தளத்துக்காரர், திருவல்லிக்கேணியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஷஃபியுல்லா, மெல்ல எழுந்தார்.

“அண்ணாச்சி, எங்க வாசலுக்கு நேரா மாடு கட்டியிருக்காங்களே. மூணாவது மாடியில மாடு எப்படி வந்துதுன்னு யாராச்சும் கேட்டா?”

“லிஃப்ட்ல வந்துதுன்னு சொல்லுங்க பாய்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பாயும் கை தூக்கினார். படி ஏறாமல் மூன்றாவது மாடிக்குப் போவதை யார்தான் வேண்டாம் என்பார்கள்? வாசலில் ‘ஆகாஷ் மஹால், பதினொரு மாடி’ என்று ஓராள் உயரப் பலகை எழுந்தது.

லிஃப்டுக்காரர் வெள்ளைச்சாமிக்குத்தான் தலை சுற்றியது. “இன்னா சார் இது? நான் இன்னும் கதவையே சாத்தல, அதுக்குள்ள மூணாவது மாடி கீது! அப்போ தரை எங்க கீது?”

“அது உனக்கு எதுக்கு?” என்றார் மாணிக்கவாசகம்.

“வூட்டுக்குப் போவணும்ல சார்.”

இந்திர மஹால்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களுடைய செயலாளர் அனந்தராமன் பலகையைப் படித்தார். இரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டார். நேரே நகர உயரக் கண்காணிப்பு அலுவலகத்துக்குப் போய், ஆகாஷ் மஹாலில் அனுமதியில்லாமல் மூன்று மாடி கட்டிவிட்டார்கள் என்று புகார் கொடுத்தார்.

அங்கிருந்து உதவிக் கண்காணிப்பாளர் வேம்பு வந்தார். மயிலாப்பூர்க்காரர், சாது. பலகைக்கு முன் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, இரண்டு தடவை படித்தார்.

“அனுமதி எட்டுக்கு. கட்டியிருக்கறது பதினொண்ணு. மூணை இடிச்சாகணும்.”

“சார், தலையைத் தூக்கி எண்ணிப் பாருங்க. எட்டுதான் இருக்கு” என்றார் மாணிக்கவாசகம்.

“எண்ணறது எஞ்சினியர் பிரிவு. நான் அமலாக்கப் பிரிவு. நான் எண்ணினா அவா கோச்சுப்பா. பலகையில பதினொண்ணுன்னு போட்டிருக்கா இல்லியா?”

“அது ஒரு பெருமைக்குப் போட்டது.”

“பெருமைக்குக் கட்டினாலும் விதிமீறல் விதிமீறல்தான் ஓய்.”

“இப்பவே அழிச்சு எட்டுன்னு எழுதிடுறோம்.”

வேம்பு காதைப் பொத்திக்கொண்டார். “விசாரணை நடக்கறப்போ மூணு மாடியை மறைக்கறதா? ஜெயிலுக்கே போகணும்.”

ஆனாலும் நல்ல மனிதர். இரண்டாவது தம்ளர் காப்பிக்குப் பிறகு தாமே வழி சொன்னார். “இல்லாத மாடியை இடிக்கறதுல ஒரு சௌகரியம் இருக்கு. தூசி வராது. நான் இடிச்சாச்சுன்னு எழுதிடறேன். நீர் ‘ஆமாம்’னு கையெழுத்துப் போடும். விவகாரம் முடிஞ்சுது.”

மாணிக்கவாசகம் அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை முறைக்காக ஒரு தட்டுத் தட்டினார்கள். சுந்தரவல்லி கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போனார்கள். மாணிக்கவாசகம் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குப் பாயசம் வைக்கச் சொன்னார்.

மறுவாரம் குழாயில் தண்ணீர் நின்றது. அதற்கடுத்த நாள் மின்சாரம் நின்றது. மேல் மூன்று மாடிகளுக்கும், மோட்டார் உச்சியில் இருந்த லிஃப்டுக்கும் மட்டும். மாணிக்கவாசகம் படியிறங்கி, பஸ் பிடித்து, வேம்புவின் மேஜைக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றார். மேஜைக்குப் பின்னால் யாரும் இல்லை. பகல் முழுக்கக் காத்திருந்த பிறகு வேம்பு வந்தார்.

“இடிச்ச வீட்டுக்குத் தண்ணி எதுக்கு?” என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

“சார், நான் அதுலதானே குடியிருக்கேன்!”

“பதினொண்ணாவது மாடியில. அதை இடிச்சாச்சே. நீரே கையெழுத்துப் போட்டிருக்கீரே.”

“இல்லாத மூணு மாடிதானே இடிச்சோம்? அது கீழே இருக்கிற மூணு சார். தரையிலேர்ந்து நாங்க சேர்த்துக்கிட்டது.”

வேம்பு வருத்தத்தோடு தலையாட்டினார். “கீழ் மூணை இடிச்சேன்னு நான் எப்படி எழுதுவேன்? மேல எட்டு அந்தரத்துல நிக்குமே. படிக்கிறவன் சிரிப்பானோன்னோ?”

அன்று மாலை சுந்தரவல்லி எட்டு மாடி இறங்கி ஷஃபியுல்லா வீட்டுக் குழாயில் ஒரு குடம் பிடித்து, எட்டு மாடி ஏறி வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் மூச்சு வாங்கினாள்.

“என்னங்க, நான் ஏறினது எட்டா, பதினொண்ணா?”

மாணிக்கவாசகம் கண்ணாடி முன்னால் போய் நின்றார். ஊரில் எத்தனையோ முட்டாள்களைப் பார்த்திருக்கிறார். அடைமழையில் குடை பேரம் பேசுகிறவர்களைக்கூடப் பார்த்திருக்கிறார். தம்முடைய வீட்டைத் தாமே கையெழுத்துப் போட்டு இடித்தவரை இப்போதுதான் கண்ணாடியில் பார்த்தார். விடிந்ததும் குடத்தை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார்.

ஷஃபியுல்லா தம் வீட்டுக் குழாயடியில் அவரை உட்காரவைத்து யோசனை சொன்னார். “அண்ணாச்சி, இடிச்ச வீட்டைத் திரும்பக் கட்ட அனுமதி கேளுங்க. கொடுத்துட்டா வீடு இருக்குன்னு ஆயிடும். செங்கல்கூட வாங்க வேணாம்.”

கேட்டார்கள். அலைந்தார்கள். அனுமதி வந்தது. தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்தது. கூடவே எஞ்சினியர் பிரிவிலிருந்து முதன்முதலாக ஒருவர் எண்ணிப் பார்க்க வந்தார். எட்டு இருந்தது. பழைய எட்டும் திரும்பக் கட்ட மூன்றுமாகப் புது அனுமதி பதினொன்றுக்கு. “இன்னும் மூணு எங்கே? அனுமதி வாங்கிட்டுக் கட்டாம விடுறது அரசாங்கத்தை ஏமாத்துறது” என்றார். இந்தச் சேதி கட்டடத்தைக் கட்டிய பில்டர் காதில் விழுந்தது. அவர் சட்டத்தை மதிப்பவர். மறுநாளே சாரம் கட்டினார்.

மாணிக்கவாசகத்தின் தலைக்கு மேல் மூன்று மாடிகள், இடிக்கவும் பார்க்கவும் முடிகிற மாடிகள், எழும்பின. பில்டர் விற்பனை தொடங்கிய காலையில் வரிசை தெருமுனை வரை நின்றது. இந்திர மஹால் அனந்தராமன் குடும்பத்தோடு வந்திருந்தார். கத்திரிக்காய் எடுத்த ஐந்தாம் மாடிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஷஃபியுல்லாகூட, சும்மா விலை விசாரிக்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு, வரிசையில் நின்றார். மாணிக்கவாசகம் வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினார். எப்படியோ அவரும் வரிசைக்குள் இருந்தார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். வேம்பு.

“சார், நீங்களுமா?”

“உச்சி மாடி கேட்டிருக்கேன். அங்கேர்ந்து பார்த்தா எங்க ஆபீஸ் ஜன்னல் தெரியுமாம் ஓய்” என்றார் வேம்பு, முகமெல்லாம் மலர. “நான் சீட்ல இருக்கேனா இல்லையான்னு ஆத்துலேர்ந்தே பார்த்துண்டுடலாம்.”