டர்போ வாங்க ஒரு தந்திரம்

இந்த வருஷம் என் காருக்கு டர்போ மாட்டியே தீருவேன் என்று சபதம் செய்தேன். கார்க் கொட்டகையில் நின்று செய்தேன். கார் மட்டும்தான் கேட்டது. வீட்டுக்குள் நின்று செய்திருந்தால் என் மனைவி ரேலீனும் கேட்டிருப்பாள். அப்புறம் அது சபதமாக இருந்திருக்காது. விண்ணப்பமாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மரக்கரண்டி.

எங்கள் டூவூம்பா ஊரின் பழைய கார் கிளப்பில் வருஷா வருஷம் மலையேற்றப் போட்டி. சாலையை அடைத்துவிட்டு ஒவ்வொரு காராக மேலே விடுவார்கள். உங்களோடு மோதுவது கடிகாரம்தான். சீக்கிரம் ஏறியவருக்குக் கோப்பை. எல்லாருக்கும் கடைசியாக வந்தவரையும் விட்டுவிட மாட்டார்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டு, கைதட்டி, ஒரு மரக்கரண்டி கொடுப்பார்கள். போன வருஷம் அந்தக் கைதட்டல் எனக்கு. எனக்கு முந்தின இடத்தில் வந்தவர், பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டிய ஒரு ரிட்டயர்டு பாதிரியார்.

கரண்டியைக் குப்பையில் வீசினேன். ரேலீன் அதை எடுத்துக் கழுவி, கஸ்டர்டு கிண்ட ஆரம்பித்தாள். ஒரு தடவை அடுப்பில் விளிம்பைக் கருக்கினாள். அப்போதும் விடவில்லை. யாராவது சாப்பிட வந்தால் கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். "இது நெவ் ஜெயிச்சது."

நெவ் என்றால் நெவில். நான்தான். பள்ளிக்கூடம் என்னைச் சீக்கிரமே வெளியே தள்ளிவிட்டது. பஞ்சர் ஒட்டி, உதை வாங்கி, உதை கொடுத்து, இன்று சொந்தமாக டயர் கடை வைத்திருக்கிறேன். பேரத்தில் என்னை மடக்கியவன் இந்த ஊரில் இல்லை. பெட்ரோல் பங்கில் மீட்டரோடு பேரம் பேசுகிறவன் நான். அப்பேர்ப்பட்டவனுக்கு மரக்கரண்டியா? தப்பு என்னுடையதல்ல. கார் அப்படி. இரண்டே இருக்கை, மடக்கித் திறக்கும் கூரை, தவளைக் கண் மாதிரி மேலே எழும்பும் விளக்கு, பார்க்க அழகு. என் கல்யாணத்தை விட மூத்தது. மேட்டைக் கண்டால் மூச்சு வாங்கும்.

பக்கத்து வீட்டு வின்ஸ் வேலியோரம் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். கியர்பாக்ஸ் பிரித்து மாட்டியே தலை நரைத்தவன். அவனிடம் கேட்டேன்.

"சூப்பர்சார்ஜரா, டர்போவா?"

"ரெண்டும் ஒரே வேலைதான் நெவ். என்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கும். காத்து கூடினா கூட எரியும், இழுவை ஏறும். சூப்பர்சார்ஜரை என்ஜினோட பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும். மிதிச்ச உடனே இழுக்கும். டர்போ, வெளிய போற புகையில சுத்துறது. அது சுத்திப் பிடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்."

"காத்திருந்தா?"

"பின்னாலருந்து யாரோ உதைச்ச மாதிரி போகும்."

"அதான்யா வேணும் எனக்கு!"

"நம்ம மலை பூரா வளைவு. டர்போ முழிச்சுப் பாக்குறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். சூப்பர்சார்ஜர்தான் சரி."

"எதுல சக்தி அதிகமா ஏத்தலாம்? அதை மட்டும் சொல்லு."

"டர்போலதான்."

"அப்ப பேச்சே இல்ல."

"சரி. ரேலீன் விடுவாளா?"

நான் சிரித்தேன். இப்படிப்பட்ட கேள்விக்காகவே காத்திருந்தவன் மாதிரி சிரித்தேன்.

"யோவ், நாலு டயர் விக்கணும்னா ஆறு டயர் எடுத்து வைப்பேன். வந்தவன் ரெண்டை வேணாம்னு தள்ளிட்டு, ஜெயிச்சுட்டோம்னு நாலைத் தூக்கிட்டுப் போவான். அதே கணக்குதான். சூப்பர்சார்ஜர் நாள் பூரா ஊளையிடும்ல? அதைக் கேப்பேன். ஐயோ அந்தச் சத்தம் வேணாம்னு அலறுவா. போனா போகுது, உனக்காக டர்போ வெச்சுக்கறேன்னு இறங்கி வருவேன். முடிஞ்சுது!"

வின்ஸ் என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்தான். "கொஞ்சம் மெதுவா பேசேன்."

"என் வீட்ல நான் எதுக்குய்யா மெதுவா பேசணும்?" என்று கத்தினேன்.

அன்று மாலை ஆட்டுச் சாப்ஸ், பட்டாணி, பீட்ரூட். நல்ல நேரம் பார்த்து ஆரம்பித்தேன்.

"ரேலீன், காருக்கு ஒரு சூப்பர்சார்ஜர் போடலாம்னு பாக்குறேன். சத்தம் கொஞ்சம் இருக்கும். கொஞ்சம் இல்ல, நிறையவே."

"போடேன்."

சாப்ஸ் தொண்டையில் நின்றது.

"என்னது?"

"போடுன்னேன். நல்ல யோசனை. உனக்கு எப்படி வந்துச்சு?"

"காது கிழிஞ்சுடும்!"

"நாள் பூரா மெஷின் பக்கத்துல உக்காந்து லாரித் தார்ப்பாய் தைக்கிறேன். என் காது எப்பவோ கிழிஞ்சாச்சு."

"என்ஜின் சம்பாதிக்கிறதுல ஒரு பங்கை அந்த பெல்ட்டே தின்னுடும், தெரியுமா?"

"தின்னா என்ன, கூடவே உழைக்குதுல்ல? சூப்பர்சார்ஜர் பெண்டாட்டி மாதிரி நெவ். சொன்ன உடனே வேலை நடக்கும்."

"அப்ப டர்போ?"

"புருஷன். கூப்பிட்டா முதல்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு விடும். எப்ப எந்திரிக்கும்னு தெரியாது. எந்திரிச்சா எதையாவது இடிச்சுட்டுத்தான் நிக்கும்."

"டர்போ வீணாப் போற புகையில சுத்துது! சும்மா கிடைக்கிற சக்தி!"

"சும்மா கிடைக்கிற டயர்ல ஊருக்குப் போகாதேன்னு கடையில போர்டு எழுதி வெச்சிருக்கிறது யாரு?"

மேஜையைத் தட்டினேன். பட்டாணி எல்லாம் எழுந்து நின்றது.

"சூப்பர்சார்ஜர்னு நீதான கேட்ட?" என்றாள்.

"கேட்டேன்!"

"குடுத்தேன்ல?"

"குடுத்த!"

"பின்ன எதுக்குக் கத்துற?"

எனக்கே தெரியவில்லை. ஆறு டயரையும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் ஆளை என் கடையில் நான் பார்த்ததே இல்லை.

"ஆனா ஒண்ணு," என்றாள், பீட்ரூட்டை நறுக்கிக்கொண்டே. "போட்டியில உன் காருக்கு ரெண்டாவது ஓட்டுநரா என் பேரையும் குடுக்கணும்."

கிளப்பில் அதற்கு இடமுண்டு. ஒரே காரில் இரண்டு பேர் மாறி மாறி ஏறலாம். எத்தனையோ புருஷன் பெண்டாட்டி அப்படித்தான் வருகிறார்கள். என் மூளை சுழன்றது. ரேலீன் வந்தால் கடைசி இடம் யாருக்கு? ரேலீனுக்கு! மரக்கரண்டிக்கு ஆள் கிடைத்துவிட்டது! அதுவும் என் வீட்டிலிருந்தே! எழுந்து ஆடத் தோன்றியது. ஆடவில்லை. பேரத்தில் பல்லைக் காட்டக் கூடாது. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.

"எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. நீதான் முதல்ல ஏறணும்."

சூடேறாத டயர் சாலையைப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும். தார்ப்பாய் தைப்பவளுக்கு எப்படித் தெரியும்?

"உன் இஷ்டம் நெவ்," என்றாள். அவ்வளவு அடக்கமாக அவள் பேசியதே கிடையாது. அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

வின்ஸ் சூப்பர்சார்ஜரை மாட்டினான். அதற்கென்று இருக்கும் பரிசோதகர் வந்து குனிந்து நிமிர்ந்து பார்த்து, சரி என்று தகடு அடித்துவிட்டுப் போனார். அதிலிருந்து காலையில் ரொட்டி வாங்க ரேலீன் காரை எடுத்துப் போனாள். ரொட்டிக் கடை தெருமுனையில். ரொட்டி மட்டும் தினமும் ஆறிப்போய் வந்தது. நான் கடைக்காரனுக்கு போன் போட்டுத் திட்டினேன். மலைப்பாதை வழியாகவும் அந்த ரொட்டி வரலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

போட்டி நாள். ரொட்டித் துண்டில் சுருட்டிய சாஸேஜும் வெங்காயமுமாக ஊரே மலையடியில் நின்றது. ரேலீன் தையல் மெஷினில் உட்காரும்போது போடும் தேய்ந்த கேன்வாஸ் ஷூவோடு வந்தாள்.

"அதைப் போட்டுக்கிட்டா ஓட்டப் போற?"

"கால் பழகின ஷூ," என்றாள். போய்விட்டாள்.

மரங்களுக்கு நடுவே சூப்பர்சார்ஜரின் ஊளை மட்டும் கேட்டது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எங்கேயும் அறுபடவில்லை. ஒரே நூலில் மலையைத் தைத்துக்கொண்டு போனாள். நேரம் அறிவித்தார்கள். பக்கத்தில் நின்ற பாதிரியார் பல்செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு விசில் அடித்தார்.

அடுத்து நான். டயர் சூடு. கார் சூடு. நான் எல்லாவற்றையும் விடச் சூடு.

மிதித்த உடனே இழுக்கும் என்று வின்ஸ் சொன்னது பொய்யில்லை. மிதித்தேன். உடனே இழுத்தது. சாலை இருந்த பக்கம் மட்டும் இழுக்கவில்லை. முதல் வளைவில் பின் சக்கரம் புகை கக்கியது. இரண்டாவது வளைவில், ஓரத்தில் தடுப்புக்கு வைத்திருந்த ஒரு வைக்கோல் கட்டு என் மடிக்கு வந்தது. அதற்கடுத்த வளைவில் கார் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. எதிரே அழகான சாலை தெரிந்தது. நான் வந்த சாலை.

கீழே வந்து டயர் சரியில்லை என்று கத்த வாயைத் திறந்தேன். டயர் என் கடை டயர். மூடினேன். கார் சரியில்லை என்று கத்தத் திறந்தேன். அதே காரில் ரேலீன் நாலாவது வந்திருந்தாள். மறுபடியும் மூடினேன். போன வருஷம் எல்லாருடைய காருக்கும் பின்னால் வந்தேன். இந்த வருஷம் என் காருக்கும் பின்னால் வந்திருக்கிறேன்.

"எப்படி?" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"நீ பெடலை உதைக்கிற நெவ். அதைத் தடவணும். என் மெஷின்ல ஒரு நூல் அளவு கூட மிதிச்சா தையல் தார்ப்பாயை விட்டே ஓடிடும். கால் எவ்வளவு சொல்லுதோ அவ்வளவுதான் போகணும். டர்போ அப்படிச் சொன்னபடி கேக்காதுல்ல! அதான் எனக்கு சூப்பர்சார்ஜர் வேணும்னு இருந்துச்சு."

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"நான் சொன்னா அதுக்காகவே நீ டர்போதான்னு நிப்ப. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டே தெச்சுக்கிட்டிருந்தேன். வேலியில நின்னு அந்த ஆறு டயர் கணக்கைச் சொன்ன பாரு, என் ஜன்னல் திறந்திருந்துச்சு. மெஷினை நிறுத்திட்டுக் கேட்டேன். நிறுத்தாட்டியும் கேட்டிருக்கும்."

அதற்குள் ஒலிபெருக்கியில் என் பேர். கைதட்டல். போனேன், வாங்கினேன், வந்தேன். ரேலீன் என் கையிலிருந்து மரக்கரண்டியைப் பிடுங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பாடா! பழசு விளிம்பு கருகிப் போச்சு, புதுசு வேணும்னு சொல்லிட்டே இருந்தேன்ல?"