கொத்தனார் சங்கமும் ஆமை நகமும்

உக்காருங்கப்பா, உக்காருங்க. ஏய் கடைசி வரிசை, வாயை மூடு! கதை முடிஞ்சதும் திறந்துக்கலாம். தவமணியைப் பாருங்க, வந்ததுலேருந்து ஒரு சத்தம் உண்டா?

இத்தாலி தேசத்துல, ஒரு காட்டில், ஒரு ஆமை இருந்துச்சு. பேரு ஓரெஸ்தே. ரகசியக் கொத்தனார் சங்கத்துல மெம்பர். வெளிநாட்டுல ஃப்ரீமேசன்னு சொல்லுவாங்களே, அதான். நெசக் கொத்தனார் இல்ல, ஒருத்தனும் ஒரு செங்கல் தூக்கினதில்ல. ஏப்ரன் கட்டிக்குவாங்க, கதவைச் சாத்திக்குவாங்க, 'சகோதரா'ன்னு கூப்பிட்டுக்குவாங்க. அடையாளம், கை குலுக்கல். தவமணி, கையைக் குடுய்யா. இந்தா, இப்படிப் பிடிச்சு, கட்டைவிரல் நகத்தால மூணு தட்டு. டக், டக்... கொஞ்சம் விட்டு... டக்!

அந்தக் காட்டுக்கு ஒரு காட்டுப்பன்றி ராஜாவா வந்துச்சு. மொத மாலை போட்டதே சங்கம்தான். "நம்மாளு மாதிரி தெரியுது"ன்னாங்க. மூணே வருஷம். பன்றி சங்கத்தை இழுத்து மூடி, மண்டபத்துக்குப் பூட்டுப் போட்டுருச்சு. சகோதரருங்க மெம்பர் லிஸ்ட்டை எரிச்சுட்டு நைசா வீட்டுக்குப் போயிட்டாங்க.

ஆமை மாட்டிக்கிச்சு. பன்றியோட போலீஸ் நரி தூல்லியோ, ஆமையை மேசையில கவுத்துப் போட்டு, "அந்தக் கை குலுக்கலைச் செஞ்சு காட்டு"ன்னுச்சு.

"எனக்குத் தெரியாதுங்க."

கட்டைவிரல் நகம் வேரோட போச்சு. அப்பவும் ஆமை காட்டல. பக்கத்து ரூம்ல மாட்டின இன்னொரு மெம்பர், கழுதை, ஒரு காபிக்கே எல்லாத்தையும் செஞ்சு காட்டிருச்சு. அப்புறமென்ன, சங்கத்து ஆளுங்க நடுவுல புகுந்து வேவு பார்க்கணுமே! தினம் காலையில நரியும் போலீஸ் நாய்களும் வரிசையா நின்னு அந்தக் கை குலுக்கலைப் பழகுச்சுங்க.

இருபது வருஷம் ஆமை தன் ஏப்ரனை ஓட்டுக்குள்ள மடிச்சு வச்சுக்கிட்டே திரிஞ்சுது. மண்டபத்துல தன் பழைய நாற்காலியில ஒரு தடவை உக்காரணும். அவ்வளவுதான் ஆசை.

பன்றி கதை முடிஞ்சுது. கடல் தாண்டி எருமைங்க வந்துச்சு. சூயிங் கம் மென்னுக்கிட்டே ஒரு ஃபாரத்தை நீட்டுச்சுங்க: 'பன்றி ஆட்சியில் என்ன செய்தாய்?' எல்லாருக்கும் ஒரே பதில், 'ரகசியமா எதிர்த்தேன்.' ஓநாய் மட்டும் கூட ஒரு வரி எழுதுச்சு: 'அவ்வளவு ரகசியம், எனக்கே போன வாரம்தான் தெரியும்.'

எருமைங்களுக்கும் அவங்க ஊர்ல இதே சங்கம் உண்டு. "மண்டபத்தைத் திறங்க"ன்னுச்சுங்க. லிஸ்ட்டுதான் சாம்பலாச்சே! கை குலுக்கத் தெரிஞ்சவன் உள்ள வரலாம்னு முடிவாச்சு.

ஆமை க்யூவுல நின்னுச்சு. முன்னாடி பூராவும் நாய்ங்க. டக், டக்... டக். டக், டக்... டக். "அடடா, என்ன ஒழுங்கு!"ன்னு எருமைங்களுக்கு ஒரே பூரிப்பு.

ஆமை முறை வந்துச்சு. மேசையில யாரு? புது ஏப்ரன் கட்டிக்கிட்டு நரி!

"கையைக் குடுங்க, சகோதரா."

ஆமை குடுத்துச்சு. சத்தமே வரல.

"தட்டு எங்க?"

"யோவ் தூல்லியோ! அந்த நகத்தைப் பிடுங்கினதே நீதானய்யா!"

நரி வருத்தமா தலையாட்டுச்சு. "அதைத்தான் நானும் சொல்றேன். அன்னைக்கு நகம் இருந்துச்சுல்ல? அன்னைக்கே செஞ்சு காட்டியிருந்தா, இன்னைக்கு நானே சாட்சி சொல்லியிருப்பேனே!"

ஆமை அவசர அவசரமா ஓட்டுக்குள்ளேருந்து ஏப்ரனை உருவி நீட்டுச்சு.

"கசங்கியிருக்கே. எங்களுதைப் பாருங்க, இஸ்திரி போட்டது." நரி அதை வாங்கி, ஆமையோட பழைய நாற்காலியைத் துடைச்சு, அதுலயே உக்காந்துக்கிச்சு.

அடுத்த மாசம் தேர்தல்லயும் நின்னுச்சு. போஸ்டர்ல, 'இருபது வருஷமாய்க் கொத்தனார்கள் பின்னாலேயே நின்றவர்.' பொய் இல்லியே!

நீதி: அடி விழும்போதே ரகசியத்தைச் சொல்லிடுங்க. நாளைக்குச் சாட்சி சொல்ல அடிச்சவன் மட்டும்தான் மிச்சம் இருப்பான்.

எல்லாரும் சிரிச்சு ஓஞ்சதும், தவமணி தன் கையைத் தடவிக்கிட்டே, கதை சொன்னவரைப் பார்த்து மொத தடவையா வாயைத் திறந்தாரு.

"அண்ணே, ஆமை கடைசி வரைக்கும் காட்டல. லிஸ்ட்டும் எரிஞ்சுபோச்சு. தினம் பழகினது போலீஸ்தான். அப்போ அந்தத் தட்டை, நடுவுல விடுற இடைவெளியோட, உங்களுக்கு யாருண்ணே கத்துக் குடுத்தது?"