வாஷிங் மெஷின் மேல் ஒரு பாம்பு ஆர்வலர்

ஆண்கள் கூசாமல் பொய் சொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு. பெண் பார்க்கப் போகும் வீடு. அங்கே உட்கார்ந்து "எனக்குச் சமைக்க ரொம்பப் பிடிக்கும்" என்று சொன்னவர்களெல்லாம் இன்று வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாமல் நிம்மதியாக உலவிக்கொண்டிருக்கிறார்கள். என் பொய்க்கு மட்டும் வேன் பிடிக்க வேண்டியதாகிவிட்டது.

வித்யாவின் வீடு வண்டலூரில். விலங்கியல் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். பஜ்ஜி வந்தது, காபி வந்தது, "ரெண்டு பேரும் தனியா பேசணும்னா பேசிக்கட்டுமே" என்ற வசனமும் வந்தது. மொட்டை மாடிக்குப் போனோம். சம்பளம், சொந்த வீடு, எதிர்காலத் திட்டம் எல்லாவற்றுக்கும் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"உங்களுக்குப் பாம்புன்னா பயமா?"

பாம்பு என்று யாராவது சொன்னாலே காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொள்கிறவன் நான். டிவியில் பாம்பைக் காட்டினால் டிவிக்குக் கீழேயும் ஒருமுறை பார்த்துக்கொள்வேன் (இறங்கி வந்துவிட்டால்?). ஆனால் மாடியில் காற்று நன்றாக வீசியது, அவள் எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள், என் வாய் என்னைக் கேட்காமலே, "சேச்சே! ரொம்பப் பிடிக்குமே. பாவம், வாயில்லா ஜீவன்" என்றது.

"அப்பாடா! இதுக்கு முன்னாடி வந்தவங்கல்லாம் பாம்புன்னதும் பேச்சை மாத்திட்டாங்க" என்று பூரித்துப்போனாள். "மழை ஆரம்பிச்சதும் தென்காசிப் பக்கம் மலைக்காட்டுக்குப் போய்ப் பாம்பு பார்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. தனியா அனுப்ப மாட்டேங்கறார் அப்பா. ரெண்டு வீட்டு ஆளுங்களும் சேர்ந்து போனா விட்டுடுவார். நீங்களே பிளான் பண்ணுங்களேன்!"

வித்யாவை எனக்கு அந்த மாடியிலேயே பிடித்துவிட்டது. அவளை விடவும் மனசில்லை, காட்டுக்குப் போகவும் தைரியமில்லை. நான் மறைமலை நகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருப்பவன். ஒரு பொருள் எங்கே உடையும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. யோசித்துப் பார்த்தேன். ஒரு டூர் கட்டாயம் உடைய வேண்டும் என்றால் அதில் சொந்தக்காரர்களைச் சேர்த்தால் போதும். எங்கள் குடும்பம் வருடக்கணக்காகத் திட்டம் போட்டும் மகாபலிபுரத்தைக்கூட எட்டியதில்லை. டிபன் எங்கே சாப்பிடுவது என்பதிலேயே சண்டை வந்து எல்லோரும் அவரவர் வீட்டில் சாப்பிட்டுவிடுவோம். ஆகவே அன்றே ஒரு வாட்ஸ்ஆப் குழு ஆரம்பித்து, இரண்டு வீட்டு உறவுகளையும் கூண்டோடு சேர்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் குழுவில் திருவிழாக் கூட்டம். ஆரம்பித்து வைத்தவர் பெரியப்பா. அவர் மகள் சுமதிக்கு நாக தோஷம் என்று ஜோசியர் சொல்லிவிட்டதால் பல கோயில்களில் கல் நாகத்துக்குப் பால் ஊற்றி அலுத்துப்போனவர். "கல்லுக்கு ஊத்தி ஒண்ணும் நடக்கலை. காட்டுல நேர்லயே தரிசனம் பண்ணிட்டா தோஷம் ஓடிப்போயிடும்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். அம்மா அதற்குக் கும்பிடும் கைகளை வரிசையாகப் போட்டிருந்தார். பாலை யார் கொண்டுவருவது, மஞ்சள் யார், முட்டை உண்டா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது.

வித்யா பணிவாக, "காட்டுல எதையும் ஊத்தக் கூடாதுங்க. பாம்பு பால் குடிக்காது" என்று எழுதினாள்.

"அது உங்க வண்டலூர்ப் பாம்பும்மா" என்று பெரியப்பா பதில் போட்டார்.

மொத்தக் குடும்பமும் ஒரு விஷயத்தில் ஒன்றாக நின்றதை என் ஆயுளில் அப்போதுதான் பார்த்தேன். புளியோதரைகூட ஏகமனதாக முடிவாகிவிட்டது!

கடைசியாக ரஃபீக்கைத்தான் நம்பியிருந்தேன். என்னோடு படித்தவன், தாம்பரத்தில் டூரிஸ்ட் வேன் வைத்திருக்கிறான். யார் கேட்டாலும் வண்டி இல்லை என்று சொல்லிவிடும்படி கெஞ்சினேன்.

"இன்னா மச்சான் பேஜார் பண்ற? பாம்பு வந்தா ஜனம் வூட்ட வுட்டு ஓடுது. நீ வேன் வச்சிகினு அத்த தேடிகினு போற. அதுவும் நீ! இத்த பாக்காம வுடுவனா? வண்டி கீது, நானே ஓட்டிகினு வரேன்" என்றான் அந்த உயிர் நண்பன்.

அடுத்த ஞாயிறு காலை ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஆலோசனைக் கூட்டம். பெரியப்பா, வேன் விஷயம் பேச ரஃபீக், வித்யா எல்லோரும் ஆஜர். வித்யாவின் அப்பாவும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விடை சரியாக இருந்தாலும் 'வழிமுறை எங்கே?' என்று கேட்கிற ரகம். டூர் விஷயம் முடிந்ததும் நிச்சயதார்த்தத்துக்கும் நாள் குறித்துவிடலாம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான்.

அதுதான் நமக்கு வராதே! "கண்ணாடி விரியனையே நான் நேருக்கு நேர் பார்த்திருக்கேன் சார்" என்றேன் (உயிரியல் பூங்காவில், தடித்த கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அதுவும் அக்காவின் முதுகுக்குப் பின்னாலிருந்து). "பாம்பு நம்மளப் பார்த்துப் பயப்படணும் சார், நாம அதப் பார்த்துப் பயப்படக் கூடாது. நல்ல பூட்ஸ் முக்கியம். வாங்கி வச்சிருக்கேன்."

"எங்கே, கொண்டாங்க பார்ப்போம்" என்றார் வாத்தியார்.

முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் அது. புது ரப்பர் நாற்றம் போகட்டும் என்று அம்மா அதைக் கொல்லைப்புறத்தில், வாஷிங் மெஷினுக்கு மேலேயிருந்த திட்டில் வைத்திருந்தார். பக்கத்திலேயே முருங்கை மரம். கூட்டம் மொத்தமும் என் பின்னால் வந்தது. நான் ஒரு பூட்ஸை எடுத்து, உள்ளே கையை விட்டு, "பாருங்க சார், பாம்புப் பல்லு இறங்கவே இறங்காது. உள்ளே எவ்வளவு மெத்துனு இருக்கு..." என்றேன்.

மெத்தென்று இருந்தது நகர்ந்தது.

அதற்குப் பிறகு நடந்தவை எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். பூட்ஸ் பறந்துபோய் பெரியப்பாவின் காலடியில் விழுந்தது. அதிலிருந்து வெண்கல நிறத்தில், சாட்டைபோல ஒல்லியாக ஒரு பாம்பு வெளியே வந்தது. நான் கண் திறந்தபோது வாஷிங் மெஷின் மேல் நின்று, "அம்மா! அம்மா!" என்று கத்திக்கொண்டிருந்தேன். எப்படி ஏறினேன் என்பது எனக்கே தெரியாது. பிறகு நிதானமாக முயன்று பார்த்தபோது ஏற முடியவில்லை.

"ஐயையோ, கொம்பேறி மூக்கன்! கடிச்சிட்டு, சுடுகாட்டு மரத்துல ஏறி உட்கார்ந்து, புகை வருதான்னு பார்த்துட்டுத்தான்டா போகும்!" என்று பெரியப்பா அலறினார். நேரில் தரிசனம் கேட்டிருந்த அவர் இதைத் தெருவிலிருந்து சொன்னார்.

வித்யா மட்டும் அசையவில்லை. துடைப்பத்தோடு வந்த அம்மாவைக் கைநீட்டித் தடுத்தாள். "அடிக்காதீங்க அத்தை. அதெல்லாம் கட்டுக்கதை. இதுக்கு விஷமே கிடையாது. பயந்த சுபாவம். பயந்தா மேல ஏறிக்கும், அவ்ளோதான்."

சொன்னபடியே அது விறுவிறுவென்று முருங்கையில் ஏறியது. ஏறியது போய்த்தொலையக் கூடாதா? கிளையிலிருந்து தலையை நீட்டி என்னையே பார்த்தது (புகை வருகிறதா என்றுதான் இருக்க வேண்டும்). அந்த நேரம் பார்த்து, அம்மா காலையில் போட்டிருந்த துணிகள் பிழியும் கட்டத்துக்கு வந்தன. மெஷின் உறுமிக்கொண்டு குலுங்க ஆரம்பித்தது. மேலே நானும் குலுங்கினேன். "நி-நி-நிறுத்துங்க-க-க!" என்ற என் கதறலை ரஃபீக் ரசித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

வாத்தியார்தான் வந்து சுவிட்சை அணைத்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார். பாம்பு போனால் போகட்டும், வித்யாவும் அல்லவா போகப்போகிறாள்! அழுகையே வந்துவிட்டது.

"ஏம்மா, இவருக்குப் பாம்புன்னா உயிர்னு சொன்னியே?" என்றார் மகளிடம்.

வித்யா முருங்கை மரத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வகுப்பில் பாடம் நடத்தும் முகத்தோடு சொன்னாள்:

"விஷம் கிடையாதுப்பா. பயந்த சுபாவம். பயந்தா மேல ஏறிக்கும், அவ்ளோதான்."

வாத்தியார் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். நான் கீழே இறங்குவதற்குள் அம்மா காலண்டரை எடுத்து வந்துவிட்டார்.

தென்காசிக்கும் போனோம். வித்யா காட்டுக்குள் பாம்பு பார்த்தாள். நான் வேனுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் புளியோதரையைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். சுமதிக்குச் சீக்கிரமே வரன் அமைந்தது. தெருவிலிருந்து பார்த்தாலும் தரிசனம் தரிசனம்தான் என்கிறார் பெரியப்பா. ரஃபீக்கின் வீடியோ எங்கள் கல்யாணத்திலும் சுமதி கல்யாணத்திலும் ஓடியது. சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இன்றைக்கும் கொம்பேறி மூக்கன் என்றுதான் பெயர்.

வீட்டில் மெஷின் கடகடவென்று பிழிந்து முடித்து ஓய்ந்ததும், நான் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் சரி, சமையலறையிலிருந்து வித்யாவின் குரல் வரும்:

"ஏங்க, இறங்குங்க. துணி எடுக்கணும்."