பேனாவை ஒப்படைத்த மஞ்சக்கோடு அண்ணன்

அம்பத்தூரிலிருந்து பட்டாபிராம் வரை கழன்று விழாமல் நிற்கிற எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும், அது நிற்பதற்குக் காரணம் மஞ்சக்கோடு அண்ணன்தான். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் பட்டாபிராமில் எங்கள் தெருவுக்கு வந்து பார்க்கலாம். கேட், கொடிக்கம்பம், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டு, குக்கர் கைப்பிடி, பிள்ளையார் கோயில் உண்டியல் என்று எதைத் திருப்பினாலும் நட்டின் மேல் சின்னதாக ஒரு மஞ்சள் கோடு இருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஒருமுறை கூரியர்காரர் ஏதோ ஒரு பெயரைச் சொல்லித் தெரு முழுக்க விசாரித்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று நானே அடித்துச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். பார்சல் அண்ணனுடையது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் அவருக்குக் கடைசி செக்கிங் வேலை. மற்றவர்கள் முறுக்கிய நட்டையெல்லாம் இவர் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் நட்டு, போல்ட்டு, அடியில் இருக்கும் தகடு மூன்றின் மேலும் சேர்ந்தாற்போல் மஞ்சள் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுவார். பிறகு நட்டு ஒரு நூல் அளவு திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மற்றவர்கள் ஷிப்ட் முடிந்தால் வேலையைக் கம்பெனியிலேயே விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். அண்ணன் பேனாவோடு ஏறுவார். அவர் வழக்கமாக உட்காரும் பெட்டியில் ஜன்னல் கம்பிக்குக்கூடக் கோடு உண்டு என்று கேள்வி.

நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடிபோன அன்று, அடுப்பில் பால் பொங்குவதற்கு முன்பே வந்து நின்றார். கையில் பூ, பழம் எதுவும் இல்லை. ஸ்பேனர் இருந்தது. பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. "ஃபேன்ல கோடு கீதாம்மா?" என்று மட்டும் கேட்டார். நான் திருதிருவென்று முழிக்க, எங்கள் ஸ்டூலையே இழுத்துப் போட்டு ஏறி, எதையோ முறுக்கி, கோட்டைப் போட்டுவிட்டு இறங்கினார். "இனிமே தாராளமா தூங்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார். அதற்குமுன் எத்தனையோ வருஷம் ஃபேனுக்கு அடியில் நிம்மதியாகப் படுத்தவள் நான். அன்றிலிருந்து ஒருமுறை மேலே பார்க்காமல் படுத்ததில்லை.

என் கொழுந்தனார் கல்யாணம் பூந்தமல்லியில் நடந்தது. வரவேற்பு மேடையில் மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் சிம்மாசனம் லேசாக ஆடியதை, அண்ணன் பந்தியில் ரசம் சாதம் பிசையும்போதே பார்த்துவிட்டார். மிச்சக் கதை வீடியோவில் இருக்கிறது. பெண்ணின் சித்தி சிரித்துக்கொண்டே பரிசைக் கொடுக்கிறார். சிம்மாசனத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீள்கிறது. காலருகே ஒரு கோடு போடுகிறது. மறைகிறது. அந்தக் கை யாருடையது என்று பெண் வீட்டார் என்னைக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். மானம் போகிற விஷயத்தில் நான் சட்டென்று பொய் சொல்லக்கூடியவள்.

நான் பக்கத்து வீட்டுக்காரி, தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் மகள் வினோ என்ன செய்வாள்? அப்போது அவள் ஒன்பதாவது. பள்ளியில் பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சர் மார்க்கைப் பற்றிப் பேசப் பேச, அண்ணனின் கண் ஜன்னல் வழியாகக் கூடைப்பந்துக் கம்பத்தின் மேலேயே இருந்திருக்கிறது. அண்ணி சுமதி ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது, நாற்காலியில் இருந்த புருஷன் கம்பத்தின் உச்சியில் இருந்தார். மொத்தப் பள்ளிக்கூடமும் ஜன்னலுக்கு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து வினோவுக்குக் 'கோடு' என்று பெயர். ப்ளாக்போர்டில் டீச்சர் கோடு கிழித்தால்கூட வகுப்பே அவளைத் திரும்பிப் பார்க்குமாம்.

அதோடு அப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். நோட்டு வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்வாள், அம்மா அப்பாவிடம் சொல்வாள், பதிலும் அதே வழியில் திரும்பி வரும். மூன்று பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். அண்ணன் வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அந்த நாட்களில் தெருவில் ஒரு கோடுகூடப் புதிதாக விழவில்லை.

அரையாண்டுத் தேர்வு முடிந்து லீவு விட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு தீம் பார்க்குக்குப் போகலாமா என்று அண்ணன் சுமதியிடம் கேட்க, சுமதி மகளிடம் கேட்க, மகள் அத்தனை நாளுக்குப் பிறகு நேராக அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது அவர்கள் வீட்டில் தோசை மாவு வாங்கிக்கொண்டிருந்தேன்.

"வரேன். ஆனா அன்னிக்கு ஒரு நாள் நீ எனக்கு அப்பாவா மட்டும் வரணும். எந்த நட்டையும் பாக்கக்கூடாது. பேனாவ என்னாண்ட குடுத்துடு."

அண்ணன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியை இன்னொரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, அவள் கையில் வைத்தார். அவள் அதைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மார்கழிக் குளிர் என்று சொன்னால் ஊட்டிக்காரர்கள் சிரிப்பார்கள். நம் பக்கம் ஃபேனை நான்கிலிருந்து இரண்டுக்குக் குறைத்தால் அது குளிர்காலம். அன்று காலை இரண்டு குடும்பமும் ஒரே வேனில் கிளம்பினோம். அண்ணன் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து என் வீட்டுக்காரர் இரண்டடி பின்னால் போனார். தலையில் மங்கி கேப். கண்ணில் கறுப்புக் கண்ணாடி. இரண்டு கையும் பேன்ட் பாக்கெட்டுக்குள். குளிருக்காக இல்லை. பார்க்காமல் இருக்க அவ்வளவு ஏற்பாடு. அப்படியும் பூந்தமல்லி தாண்டும் வரை கை தன்னால் வெளியே வந்து காலிச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தது.

தீம் பார்க் என்றால் என்ன? நட்டும் போல்ட்டும்தான். நடுநடுவே கொஞ்சம் ஐஸ்கிரீம் விற்கிறார்கள், அவ்வளவே. சர்க்கரை வியாதிக்காரரை ஸ்வீட் ஸ்டாலுக்குள் விட்டுப் பூட்டியதைப் போல அண்ணன் தவித்தார். ராட்டினத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டே சுற்றினார். எதிர்ப் பெட்டியில் இருந்த கல்லூரிப் பெண்கள் அவரைப் பார்த்துவிட்டு, பயப்படாதீங்க அங்கிள், இதோ இறங்கிடலாம் என்று ஆறுதல் சொன்னார்கள். அண்ணன் ஆமாம் என்று தலையாட்டினார். தான் கொடுத்த வாக்குக்காக ஒரு மனிதர் கோழை என்று பெயர் வாங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வினோவுக்கு எல்லாம் புரிந்தது. மதியம் அவளே அப்பாவின் தட்டில் அப்பளத்தை எடுத்து வைத்தாள். பிறகு தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்தாள். அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவே இல்லை. உள்ளே கண் கலங்கியிருந்தது என்று சுமதி என் காதில் சொன்னாள்.

சாப்பிட்ட பிறகு கப்பலுக்குப் போனோம். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வானத்துக்கு ஆடும் பெரிய கப்பல். என் வீட்டுக்காரர் முதுகுவலி என்று சொல்லிப் பைகளோடு கீழே நின்றுகொண்டார். அவருக்கு முதுகுவலி எப்போது வரும் என்பது எனக்குத் தெரியும். நானும் சுமதியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். எங்கள் மடிமேல் இரும்புத் தடுப்பை இறக்கிப் பூட்டினார்கள். வினோவும் அண்ணனும் எங்களுக்கு முன் வரிசையில் ஏற வேண்டும். ஆபரேட்டர் நாற்பது வயது ஆள், கழுத்தில் விசில். தொப்பி, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிக் கீழே வைக்கச் சொன்னார். அண்ணன் கழற்றினார். அங்கேதான் வந்தது வினை.

அவர் பார்வை நேராக என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. தடுப்பைப் பிடித்திருக்கும் நட்டு. அந்தப் பார்க்கில் சிவப்புக் கோடு போடுவார்கள் போல. நானும் குனிந்து பார்த்தேன். நட்டின் மேல் இருந்த கோடு ஒரு பக்கம் பார்த்தது, தகட்டின் மேல் இருந்த கோடு வேறு பக்கம் பார்த்தது.

"வினோ, கோடு ஒடஞ்சிகினு கீது" என்றார் மெதுவாக.

"ப்பா. இன்னிக்கு ஒரு நாள்."

அண்ணன் மகளைப் பார்த்தார். என்னையும் சுமதியையும் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு வேதனையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. தோளில் விழுந்த கை மறுபடி எப்போது விழுமோ என்று அவருக்குத் தெரியாது.

"நீ அப்புறம் என்னாண்ட பேசாட்டி பரவால்லமா. உங்கம்மா ஒக்காந்துகினு கீறா."

சொல்லிவிட்டு நேராகப் போய் ஆபரேட்டர் அறையின் வாசலை மறித்து நின்றார். வண்டியை ஓட்டாதே, அந்த நட்டைப் பார் என்றார். ஆபரேட்டர், காலையில்தான் எல்லாம் செக் பண்ணினோம் என்றார். காலையில் நேராக இருந்திருக்கும், இப்போது இல்லை என்றார் அண்ணன். வரிசையில் நின்றவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். பெருசு பயந்துவிட்டது, ஓரமாக உட்கார வையுங்கள் என்றார் ஒருவர். நாலைந்து செல்போன்கள் வீடியோ எடுத்தன. ஆபரேட்டர் செக்யூரிட்டியைக் கூப்பிட விசிலை வாயில் வைத்தார். பள்ளிக்கூடத்து ஜன்னல்களெல்லாம் மறுபடி திறந்துகொண்ட மாதிரி இருந்தது எனக்கு. நான் வினோவைப் பார்க்கப் பயந்துகொண்டு தலையைக் குனிந்துகொண்டேன்.

செருப்புச் சத்தம் கேட்டு நிமிர்ந்தபோது, அவள் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றிருந்தாள்.

"அண்ணா, எங்கப்பாக்கு வேலையே இதான். அவரு கோடு ஒடஞ்சிருக்குன்னா ஒடஞ்சிருக்கு. மொதல்ல எங்கம்மாவ எறக்குங்க. அப்புறம் யார வேணா கூப்டுங்க."

குரல் நடுங்கியது. ஆனால் ஆள் நகரவில்லை. ஆபரேட்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எல்லோரையும் இறக்கினார்கள். தலை நரைத்த மெக்கானிக் ஒருவர் ஸ்பேனர் பையோடு வந்து எங்கள் வரிசையில் மண்டியிட்டார். ஸ்பேனரை வைக்குமுன் சும்மா விரலால் தொட்டார். நட்டு விரலோடு சுற்றியது. வீடியோ எடுத்த செல்போன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. நான் பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

யாருங்க அவரு என்று அந்த ஆள் கேட்டார். கல்யாண வீட்டில் தெரியாது என்று சொன்ன அதே வாயால், "எங்க பக்கத்து வீட்டு அண்ணன். எங்க தெருவுல எல்லாத்துக்கும் அவர்தான் கோடு போடுவாரு" என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. ஆனாலும் குக்கரிலிருந்து கூடைப்பந்துக் கம்பம் வரை விடாமல் சொல்லி முடித்தேன்.

மெக்கானிக் அந்த நட்டை முறுக்கினார். பிறகு கப்பலில் ஒன்று விடாமல் எல்லா நட்டையும் பார்த்தார். அண்ணனும் கூடவே போனார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. கோடு போடத் தன் பையைத் தடவிய மெக்கானிக், பேனாவை ஆபீசில் விட்டுவிட்டேனே என்றார். வினோ தன் பையின் ஜிப்பைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்கு அடியிலிருந்து அந்த மஞ்சள் பேனா வந்தது. அண்ணன் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டர் கையால் நட்டிலிருந்த எண்ணெயைத் துடைத்தாள். பேனாவை இரண்டு முறை குலுக்கினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு போல்ட்டிலிருந்து நட்டு வழியாகத் தகடு வரை ஒரே இழுப்பு. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. இத்தனை வருஷம் வெட்கப்பட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள், கழுதை.

அண்ணன் ஒரு கண்ணை மூடி இன்னொரு கண்ணால் பார்த்தார். "நேராத்தான் கீது" என்றார். சுமதி அழுதுகொண்டே சிரித்தாள். அந்த ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு நடுவில் எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது. அவர் என் சொந்த அண்ணன் இல்லையே என்று அன்று ஒரு குறையாகவே இருந்தது.

கப்பலில் முதல் ஆட்டம் எங்களுக்கு என்று மெக்கானிக் சொன்னார். ஒவ்வொரு நட்டையும் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு ஏறிய அண்ணன், கப்பல் முதல் தடவை மேலே போனதும் போட்ட கூச்சலில் ராட்டினத்தில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். சுமதி, என்னிய எறக்கிவுட சொல்லு என்று கடைசிவரை கதறினார். அவர் உண்மையாகவே பயந்தது அப்போதுதான். வினோ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் டைட்டாத்தான்பா கீது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

இப்போது அவர்கள் நூம்பல் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வினோ மெக்கானிக்கல் படிக்கிறாள். நான் மாதத்துக்கு ஒருமுறை போன் போட்டு, அண்ணே, ஃபேன்ல கோடு கொஞ்சம் நகந்த மாதிரி இருக்கு என்பேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் ஸ்பேனரோடு வந்துவிடுவார்கள். போன வாரம் ஸ்டூலில் ஏறியது வினோ. அண்ணன் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டு, நல்ல வேளை சொன்னீங்கத்தே, லேசா நகந்திருக்கு என்றாள். கோடு நகரவே இல்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஸ்டூலைப் பிடித்திருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். நான் காபி போட உள்ளே போனேன்.