ஓடர் எடுத்த உசனார்

காத்தான்குடியில் தலை நிமிர்ந்து நடக்கிற ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனாலும் அன்று அஸர் தொழுதுவிட்டு வந்த உசனாரைப் போல நிமிர்ந்த ஒருவரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். சொந்த வீட்டு வாசலில் நின்ற சொந்தச் சைக்கிளே கண்ணில் படாமல் இடித்துக்கொண்டார். அவ்வளவு நிமிர்வு.

காரணம் இருந்தது. புளியந்தீவிலுள்ள சுப்பர் மார்க்கட்டில் 'ஸாலிஹா கூனிச் சம்பல்' ஒரு தட்டு முழுக்க நிற்கிறது. வாவியில் பிடித்த கூனி இறாலை வறுத்து, இடித்து, போத்தலில் அடைப்பவள் அவருடைய மனைவி ஸாலிஹா. போத்தலில் சிரிக்கிற படம் உசனாருடையது. ஓடர் எல்லாம் போனில்தான் வரும். போனை எடுப்பவரும் உசனார்தான். போன மாதம் கடை 'பிப்டி' என்றது. அவர் காதில் 'பிப்டீன்' என்று விழுந்தது. ஐம்பது போத்தல் போக வேண்டிய இடத்துக்குப் பதினைந்து போய் நின்றது.

அதன் பிறகுதான் கடையில் கொள்வனவு பார்க்கும் கேதீஸ்வரி மிஸ் ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். இரண்டு மாதத்துக்குப் பிறகு போன் ஓடர் கிடையாது. எல்லாம் இன்டர்நெட்டில். ஓடர் வந்தால் ஒரு நாளைக்குள் 'ஏற்றுக்கொண்டேன்' என்று அழுத்த வேண்டும். டெலிவரி நோட்டும் இன்வொயிஸும் அதே வழியில் போக வேண்டும். அதற்கு வசதி செய்யாதவருக்குத் தட்டு இல்லை.

தட்டுப் போனால் ஸாலிஹாவின் ஆறு வருச உழைப்பும் போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

"சிஸ்டம் எடுக்கிறது என்ட பொறுப்பு," என்றார் உசனார். "நீ இதுல தலயிடப்படாது புள்ள. இனி இந்த வீட்டுல ஓடரெல்லாம் என்ட கையாலதான்."

ஸாலிஹா கூனி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஓம். ஓடரெல்லாம் உங்கட கையாலதான்," என்றாள்.

மனிதர் அந்தப் பதிலை ஒரு தரம் யோசித்துப் பார்த்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஓடர் சிஸ்டம் விற்கிற மூன்று கம்பனிகளைப் பிடித்தார். முதல் கம்பனிக்காரன் மின்ஹாஜ், போனிலேயே அவரை முதலாளி ஆக்கிவிட்டான். "இந்த சிஸ்டம் நூறு கிளைக்கும் தாங்கும் சேர்," என்றான்.

"நமக்கு மாசத்துக்கு எத்தன ஓடர் வரும்?" என்று கேட்டாள் ஸாலிஹா.

"நாலு."

"நாலு ஓடருக்கு நூறு கிளையா? அவன் கேக்கிற காசுக்குக் கேதீஸ்வரி மிஸ்ஸக் காரில ஏத்தி வந்து வாசலில வெச்சே ஓடர் வாங்கலாமே."

"இது தொழில்நுட்பம் புள்ள."

"சரி. வாங்க முந்திச் சும்மா போட்டுப் பாக்க ஏலுமா?"

"பதினாலு நாள் இலவசம்."

"அப்ப வீட்டுக்குள்ளயே பாப்பம். நான் கடை. நீங்க சப்ளையர். நான் ஓடர் போடுறன்."

நல்ல யோசனைதான். மனைவிக்கும் தொழில் விளங்கத் தொடங்கிவிட்டதே என்று உசனாருக்குப் பெருமையாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் போன் கிணுகிணுத்தது. 'ஓடர் இலக்கம் ஒன்று. தேங்காய், உரித்தது. அளவு பத்து. பகல் பன்னிரண்டுக்கு முன்.' உசனார் ஏற்றுக்கொண்டார். உரித்தார். டெலிவரி நோட் அனுப்பினார். குசினியிலிருந்து 'கிடைத்தது' என்று பதில் வந்தது. உடனே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு நஸீரைக் கூப்பிட்டார்.

"பன்னிரண்டுக்குக் கேட்டாங்க. பதினொண்டரைக்குக் குடுத்துட்டன்."

"என்ன, தேங்காயா?"

"தேங்கா இல்ல நஸீர். டேட்டா."

இரண்டாவது ஓடர் ஒரு கிலோ மணலை மீன். முக்கால் கிலோதான் கிடைத்தது. திரையில் 'குறைவு' என்று சிவப்பாக விழுந்தது; சப்ளையருக்கு நூற்றுக்குப் போடுகிற புள்ளியும் இறங்கியது.

"சந்தையில அவ்வளவுதான் இருந்த," என்றார்.

"கடைக்குப் போத்தல் குறஞ்சாலும் இப்புடித்தான் கதை சொல்லுவீங்களா?"

உசனார் திரும்பிப் போய்க் கால் கிலோ கொண்டு வந்தார். போன நோன்பிலிருந்து சொட்டிய குசினிப் பைப் ஐந்தாவது ஓடரில் நின்றது. ஒன்பதாவது, ஸாலிஹாவின் அக்காவைப் பற்றியது. 'ராத்தா வீட்டுக்குப் போய் வருதல். அளவு: இரண்டு மணித்தியாலம். தரம்: சிரித்த முகம்.'

"இத நிராகரிக்கப் போறன்."

"நிராகரிங்க. புள்ளி குறையும். கடைக்காரங்க முதல்ல அதத்தான் பாப்பாங்களாம்."

போனார். சிரித்தார். ராத்தாவே பயந்துபோனார்.

பதினாலு நாள் முடிய, புள்ளி தொண்ணூற்று நாலு. "இத வாங்குவம்," என்றார்.

"ஒண்ட மட்டும் பாத்து எப்புடி முடிவெடுக்கிற?" என்றாள் ஸாலிஹா. "உங்களப் போல ஒரு வியாபாரி ஒப்பிட்டுத்தானே வாங்குவாரு."

உங்களப் போல ஒரு வியாபாரி. அந்த ஒரு சொல்லுக்காக இரண்டாவது கம்பனியில் மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார். மூன்றாவதில் கிணறு இறைத்தார். இடைக்கிடையே ஸாலிஹா சம்பல் பெட்டியைக் கையில் கொடுத்து, "கடைக்கு ஐம்பது" என்பாள். போன் அவளுக்கு வந்திருக்கும் என்று நினைத்து ஏற்றிக்கொண்டு போவார்.

நாற்பத்தோராம் நாள், புள்ளி தொண்ணூற்றெட்டு. புதுச் சாரமும் வெள்ளைச் சேட்டும் உடுத்திக் கல்லடிப் பாலம் தாண்டி, முடிவை அறிவிக்கப் புளியந்தீவுக்குப் போனார்.

கேதீஸ்வரி மிஸ் எழும்பி நின்று வரவேற்றார். "வாங்கோ. சின்ன சப்ளையர்மாருக்குள்ள ஒரு பிழையும் இல்லாத ஆக்கள் நீங்கதான்."

உசனாரின் நெஞ்சு சேட்டுக்குள் அடங்கவில்லை. "மூணாவது சிஸ்டத்தத்தான் எடுக்கப் போறன்," என்றார்.

"என்ன சிஸ்டம்? நீங்க ஆறு கிழமையா எங்கட இணையத்தளத்திலதானே செய்யிறீங்க. சின்ன ஆக்களுக்கு அது இலவசம். கடிதத்தின்ட பின்பக்கம் எழுதியிருந்ததே. கடிதம் வந்த மறுநாளே உங்கட மிஸிஸ் பதிஞ்சிட்டா."

பாலத்தில் திரும்பி வரும்போது வாவி வழக்கம் போலத்தான் கிடந்தது. உசனார்தான் கொஞ்சம் குனிந்திருந்தார்.

"அந்தக் கடிதத்துக்குப் பின்பக்கம் ஒண்டு இருந்ததாம்," என்றார் வீட்டில்.

"ஓம்."

"மறுகா என்னத்துக்கு என்னய நாப்பத்தொரு நாள் கிணறு இறைக்க வெச்ச?"

"நீங்கதானே சொன்ன, ஓடரெல்லாம் என்ட கையாலதான் எண்டு." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரு பிழையும் இல்லயாமே நம்மட சம்பலுக்கு, தளத்துல போட்டிருக்கு. மிஸ்ஸும் சொன்னாவா?"

கேட்ட முகத்தில் இருந்த பெருமையைக் கண்டதும், கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று உசனாருக்குத் தெரியவில்லை. அவள் தன் போனில் எதையோ தட்ட, அவருடைய போன் கிணுகிணுத்தது. மூன்றாவது கம்பனியின் இலவச நாளில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது.

'இஞ்சிப் பிளேன்டீ. அளவு இரண்டு. தரம்: கோபம் இல்லாமல். உடனடி.'

'நிராகரி' என்ற பொத்தானை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு மேலே இருந்த தொண்ணூற்றெட்டைப் பார்த்தார்.

தண்ணீர் கொதிக்கும்போதே வேலிக்கு மேலால் எட்டி நஸீரிடம் சொல்லிவிட்டார்:

"தொண்ணூத்தொம்பது."