டெக்சாஸ் வரை இழுக்கும் வண்டி

"முன்சக்கரம் தரையில இருக்கா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து கத்தினார் வெர்லின்.

ஆர்டித் குனிந்து பார்த்தாள். "இருக்கு. ஆனா மனசில்லாம இருக்கு."

பிக்கப் வண்டியின் பின்னால் புது ட்ரெய்லரை மாட்டியதும் பிக்கப்பின் பின்பாகம் அமுங்கிப்போய், முகப்பு விளக்குகள் இரண்டும் வானத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தன. ட்ரெய்லர் என்றால் சின்னது இல்லை. படுக்கையறை, குளியலறை, நாலு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை, அடுப்பு, எல்லாம் உள்ளே. பக்கவாட்டில் ஒரு பொத்தானை அமுக்கினால் சுவரே வெளியே நகர்ந்து கூடம் அகலமாகும். விசிட்டா நகரத்துக் கண்காட்சியில் அந்தச் சுவர் நகர்ந்ததைப் பார்த்துத்தான் வெர்லின் கையெழுத்துப் போட்டார்.

"உன் பிக்கப் இதை இழுக்கும்னு கண்காட்சியில வித்த பையன் சொன்னானே?"

"இழுக்கும்னுதான் சொன்னான். தாங்கும்னு சொல்லலை."

"அது ரெண்டும் வேற வேறயா?"

"இன்னிக்குத்தான் எனக்கே தெரியுது."

இருந்தாலும் கிளம்பினார்கள். கிளம்பித்தான் ஆகவேண்டும். டெக்சாஸின் தெற்குக் கோடியில், ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நடுவே வயதானவர்கள் ட்ரெய்லர்களில் குடியிருக்கும் ஒரு பூங்காவில் ஆர்டித்தின் அக்கா நோர்மா இருந்தாள். நோர்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. நடுப்பார்வை மங்கி, ஓரப்பார்வைதான் மிச்சம். வசந்தம் வந்தால் அதுவும் நிச்சயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நோர்மாவின் சின்ன ட்ரெய்லரில் இன்னொரு கட்டில் போட இடமில்லை. ஆனால் பக்கத்து மனை காலி. புத்தாண்டு வரை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகப் பூங்காக்காரர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதற்குள் ட்ரெய்லர் அங்கே போய் நின்றாக வேண்டும்.

ஊர் எல்லை தாண்டிப் பத்து மைல் போயிருப்பார்கள். கான்சஸ் காற்று பக்கத்திலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. எதிரே மாட்டு லாரி ஒன்று விருட்டென்று கடந்தது. ட்ரெய்லர் இடுப்பை ஆட்ட ஆரம்பித்தது. அது இடது பக்கம் போனால் பிக்கப் வலது பக்கம் போயிற்று.

"வெர்லின், நீ ஓட்டுறியா, அது ஓட்டுதா?"

"பேசாதே!"

"பேசாம செத்தா நல்லாவா இருக்கும்?"

ஓரம் கட்டி நிறுத்தி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வீடு திரும்பினார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை நோர்மா போனில் கேட்டாள்: "எங்கே வந்துட்டீங்க?"

"எங்க வீட்டு வாசலுக்கு வந்துட்டோம்" என்றாள் ஆர்டித்.

வெர்லின் காரைச் சுத்தமாக வைத்திருப்பவர், கடன் இல்லாதவர், யாரிடமும் கை நீட்டாதவர். அந்த பிக்கப்புக்கான தவணைகூட எப்போதோ முடிந்துவிட்டது. மறுநாள் காலை அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்க, ஓட்டிக்கொண்டு போய் வண்டிக் கடையில் நிறுத்தினார். அங்கே கோல்ட்டன் என்று ஒரு பையன். பல் வரிசை மட்டும் ஒரு வண்டி விலை பெறும்.

"சார், டீசல் வண்டி எடுத்துக்குங்க. மலையையே இழுக்கும்."

"கான்சஸ்ல மலை ஏதுப்பா?" என்றாள் ஆர்டித்.

"டெக்சாஸ் போறீங்களே, மேடம்."

"நாங்க போற வழியில அங்கேயும் மலை கிடையாது."

"அப்போ இன்னும் சுலபமா இழுத்துடும்!"

வெர்லின் விலையைக் கேட்டார். கோல்ட்டன் விலையைச் சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, ரொம்பப் பணிவாக, "மாசம் எவ்வளவு கட்டினா உங்களுக்குச் சிரமம் இருக்காதுன்னு மட்டும் சொல்லுங்க சார். மீதியை நான் பார்த்துக்கறேன்" என்றான்.

வெர்லின் ஒரு தொகை சொன்னார். என்ன ஆச்சரியம், கணக்குப் போட்டுப் பார்த்தால் மிகச் சரியாக அதே தொகை வந்தது. மாதங்கள்தான் கொஞ்சம் நீண்டுவிட்டன.

"எண்பத்து நாலு மாசமா?" என்றாள் ஆர்டித் வரும் வழியில். "ஏழு வருஷம். அப்போ உனக்கு எண்பது."

"எண்பதுலயும் நான் ஓட்டுவேன்."

"நீ ஓட்டுவே. வண்டி ஓடுமா?"

டீசல் வண்டி கம்பீரமாகத்தான் இருந்தது. ட்ரெய்லரை மாட்டினால் முகப்பு விளக்கு சாலையைப் பார்த்தது. ஆர்டித் சந்தோஷமாகச் சாமான் ஏற்றினாள். நோர்மாவுக்குப் பிடித்த பீச் பழப் பாகு ஜாடிகள், தையல் மெஷின், வண்ணத் துணிகளை ஒட்டுப்போட்டு அவளே தைத்த, நல்ல விலை போகும் கனத்த போர்வைகள். வெர்லின் தன் இரும்புக் கருவிப் பெட்டியை ஏற்றினார். கிளம்புகிற வழியில், ஒரு பெருமைக்காக, கோதுமைக் கிடங்கு எடை மேடையில் வண்டியை ஏற்றினார்.

அந்த மேடையில்தான் அவர் முப்பது வருடம் வேலை பார்த்தார். சுற்றுவட்டாரத்துக் கோதுமையெல்லாம் அவர் நிறுத்து அனுப்பியதுதான். அவருக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவன் ஹார்லன். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தான்.

"வெர்லின் அண்ணே, கோதுமை ஏத்திட்டு வந்தீங்களா?"

"விளையாடாதே. எண்ணைச் சொல்லு."

ஹார்லன் எண்ணைச் சொன்னான். பிறகு இறங்கி வந்து, ஓட்டுநர் கதவைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டைப் படித்தான். "ஆளு, சாமான், பின்னால மாட்டினது அமுக்குற பாரம், எல்லாம் சேர்த்து இதுக்கு மேல ஏறக் கூடாதுன்னு போட்டிருக்கு. நீங்க ஏறிட்டீங்க."

"டீசலுக்கு அவ்வளவு பலம் இருக்கேடா!"

"பலம் இருக்குண்ணே. ஆனா அந்த இஞ்சினே ஒரு எருமை கனம். அது தன்னைத் தூக்கிட்டுப் போகவே பாதி தெம்பு செலவாயிடுது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, கூட இருந்தா கூடத்தான், மூஞ்சி பார்க்கக் கூடாதுன்னு."

ஊர் வண்டியெல்லாம் நிறுத்த மனுஷன், தன் வண்டியை வாங்குவதற்கு முன் நிறுக்கவில்லை.

மேடை ஓரத்திலேயே சாமானை இறக்க ஆரம்பித்தார்கள்.

"அந்த ஜாடியெல்லாம் எதுக்கு? டெக்சாஸ்ல பழம் கிடைக்காதா?"

"உன் இரும்புப் பெட்டி எதுக்கு? டெக்சாஸ்ல திருப்புளி கிடைக்காதா?"

"வழியில ஏதாவது கழண்டா?"

"கழண்டது வீட்டுலயே கழண்டாச்சு."

ஜாடி இறங்கியது. மெஷின் இறங்கியது. போர்வைகள் இறங்கின. இன்னும் கூடத்தான் காட்டியது. வெர்லின் நிமிர்ந்து மனைவியை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னை ஏன் பார்க்கிற?"

"சும்மாதான்."

"முதல்ல உன் வயித்தைப் பாரு."

ஹார்லன் ஜன்னலை மெல்லச் சாத்திக்கொண்டான்.

மறுபடி கோல்ட்டன். அவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நான் அப்பவே நெனச்சேன் சார், உங்களுக்கு 'ஒரு டன்'னு சொல்ற பெரிய ரக வண்டிதான் சரின்னு. பின்னால நாலு சக்கரம். பக்கத்துக்கு ரெண்டு. கோயில் தூண் மாதிரி நிக்கும்."

"அப்பவே நெனச்சதை அப்பவே சொல்லக் கூடாதா?" என்றாள் ஆர்டித்.

"நீங்க கேக்கலையே, மேடம்."

டீசல் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமாம். ஆனால் கடைவாசலைத் தாண்டிய நாளே அதன் விலை விழுந்துவிட்டதாம். கடனோ விழவில்லை. அது நின்ற இடத்தில் நின்றது.

"அந்த மீதியைப் புதுக் கடனோட சேர்த்துடலாம் சார். தெரியவே தெரியாது."

"யாருக்குத் தெரியாது?"

கோல்ட்டன் சிரித்தான். வெர்லினும் சிரித்தார். ஆர்டித் சிரிக்கவில்லை. இனிமேல் வீட்டில் இருக்கிற வண்டிக்கும் தவணை, இல்லாத வண்டிக்கும் தவணை.

புது வண்டி வந்தது. ஷெட் கதவு அளவுக்கு அதன் இடுப்பு அடங்கவில்லை. வெர்லின் கதவுச் சட்டத்தைக் கழற்றினார். அகலம் போதுமானதும் நீளம் இடித்தது. தலை உள்ளே, உடம்பு வெளியே என்று மழைக்கு ஒதுங்கின மாடு மாதிரி அது நின்றது. கதவு இல்லாததால் பனி உள்ளே அடித்து ஆர்டித்தின் பழைய காரின் பேட்டரி செத்தது. வங்கிக்கு ஓட்டிப்போனால், வண்டியில் உட்கார்ந்தபடியே பணம் கட்டும் ஜன்னலோரப் பாதையில் நுழையவில்லை. இறங்கி நடந்து, வரிசையில் நின்று பணம் கட்ட வேண்டியிருந்தது. ஆர்டித் ஏறி உட்கார ஒரு முக்காலி வேண்டும். ஏறியபின் முக்காலியை யார் எடுப்பது என்று தினமும் ஒரு வாக்குவாதம்.

ஆனால் எடை மேடையில் ஹார்லன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இப்போது ஜாடி ஏறலாம், மெஷின் ஏறலாம், வயிறும் ஏறலாம்.

"அப்போ நாளைக்குக் கிளம்பலாமா?" என்றாள் ஆர்டித்.

வெர்லின் காபியைக் கலக்கினார். சர்க்கரை போடாத காபி.

"வெர்லின்."

"முதல் தவணை போச்சு. காப்பீடு ரெண்டு மடங்கு கேக்கறான். ஆறு சக்கரத்துக்கும் பனி டயர் போட்டேன். இப்போ டேங்க்ல ஊத்தறதுக்கு..."

"ஊத்தறதுக்கு?"

"மார்ச்சுல கிளம்பலாம் ஆர்டித். அதுக்குள்ள ஏதாவது தேத்திடறேன்."

ஆர்டித் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தாள். "ஆயிரம் மைல் இழுக்க வண்டி இருக்கு. அதுல ஊத்த எண்ணெய் இல்ல. அப்படித்தானே?"

"கொஞ்ச நாள்தான்."

"புத்தாண்டு தாண்டினா அந்த மனை போயிடும். மார்ச்சுல நான் போய் எதிர்ல நின்னா, நோர்மாவுக்கு நானும் வாசக்கதவும் ஒண்ணாத்தான் தெரியும். அவ என் முகத்தைப் பார்க்கணும்னு நெனச்சேன் வெர்லின். வேற ஒண்ணும் கேக்கலை. சுவர் நகரணும்னு நான் கேட்டேனா?"

அன்று இரவு அவர் படுக்கையில் புரண்டார். பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தூங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் தூங்கவில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

மறுநாள் காபிக் கடையில், ஓய்வு பெற்ற ஆண்கள் தினமும் கூடும் மேசையில், வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த ஹார்லன்தான் வழி சொன்னான்.

"இவ்வளவு பெரிய வண்டியை வெச்சுக்கிட்டு ஏண்ணே முழிக்கிறீங்க? ஊருல எத்தனையோ பேர் ட்ரெய்லரை வாங்கிட்டு இழுக்க வண்டி இல்லாம இருக்கான். அவனுக்கெல்லாம் கூலிக்கு இழுத்துக் கொடுக்க ஒரு கம்பெனியில ஆள் தேடறாங்க. நம்பர் தரட்டுமா?"

"இந்த வயசுல கூலிக்கா?"

"இந்த வயசுல கடன் வாங்கினீங்கள்ல?"

வெர்லின் போன் செய்தார். எடுத்தவள் பெயர் ரோண்டா. பார்க்காத ஆளையும் 'கண்ணு' என்று கூப்பிடுகிறவள். வண்டியின் அளவைக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "அடேயப்பா! உங்களை மாதிரி ஆளைத்தான் கண்ணு தேடிக்கிட்டிருக்கேன். பேப்பரெல்லாம் முடியட்டும், முதல் சவாரி நானே பார்த்துத் தர்றேன்."

ஆர்டித்திடம் அவர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நம் ட்ரெய்லரை இழுக்கக் காசு வேண்டும், அதற்காக ஊரார் ட்ரெய்லரை இழுக்கப் போகிறேன் என்றா? ரெண்டு சவாரி போனால் டீசலுக்கு ஆகிவிடும். புத்தாண்டுக்கு முன்னால் பணத்தை அவள் கையில் வைத்து, "கிளம்பு" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவர் ஷெட்டில் தனியாக நின்று சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஆர்டித்தும் அதற்கப்புறம் சண்டை போடவில்லை. அதுதான் அவரை உறுத்தியது. கேட்டதற்குப் பதில், வைத்ததற்குச் சாப்பாடு. இரண்டு முறை அவர் உள்ளே வந்தபோது போனை வைத்துவிட்டாள். "யாரு?" என்றால், "நோர்மா" என்றாள். மதிய நேரங்களில் ட்ரெய்லருக்குப் போய் ஜாடிகளைத் துணி சுற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அதை ஏன் இப்பவே அடுக்கற?"

"வேலை ஒண்ணும் இல்ல."

பாவம், மனசைத் தேற்றிக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டார் வெர்லின்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், காபிக் கடையில் இரண்டாவது கோப்பை பாதியில் இருக்கும்போது போன் அடித்தது. ரோண்டா.

"கண்ணு, உங்க அதிர்ஷ்டத்தைப் பாருங்க. முதல் சவாரியே டெக்சாஸ் தெற்குக் கோடி!"

வெர்லின் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அங்கே போகிற கூலியில் திரும்பி வந்து ஆர்டித்தையும் கூட்டிப் போய்விடலாம். "எங்கேம்மா ஏத்திக்கணும்? எவ்வளவு தூரம் வரணும்?"

"அதுதான் தமாஷு. உங்க ஊரேதான்! பெரிய ட்ரெய்லர், கனம் அதிகம், சின்ன வண்டிக்காரன் ஒருத்தனும் ஒத்துக்கலை. கூலி, டீசல் எல்லாம் அந்தம்மா முன்னாடியே கட்டிட்டாங்க. ஏதோ போர்வையெல்லாம் வித்தாங்களாம், பாவம். அவங்களும் முன்சீட்டுல கூட வரணும்னு அழாத குறையாக் கேட்டாங்க, நானும் சரின்னுட்டேன். உங்களுக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

வெர்லின் மறுபடி உட்கார்ந்தார். "அந்தம்மா பேரு?"

"ஆர்டித்னு எழுதியிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் கண்ணு கேட்டுக்கிட்டாங்க. வீட்டுக்காரர் காலையில காபிக்குப் போயிருக்கிற நேரமா வந்து சத்தமில்லாம இழுத்துட்டுப் போயிடணுமாம். மனுஷனுக்குத் தெரிஞ்சா, இதுக்குன்னு போய் இன்னொரு வண்டி வாங்கிட்டு வந்துடுவாராம்."