கண்ணாடிப் பெட்டியும் முன்வண்டியும்

கொல்லயில்,
திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் நிபினுக்கு, மாமா செல்லையன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. தேவகிருபையால் நானும் உங்கள் மாமி சத்தியபாயும் சுகம். அங்கே நீங்களும் என் மகள் அஜிஷாவும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருப்பீர்கள் என்று விசுவாசிக்கிறேன். வாட்ஸ்ஆப்பில் எழுதினால் அஜிஷா வாசித்துவிட்டு மூன்று நாள் சிரிப்பாள் என்பதால் இதை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்குத் தபாலில் போடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியது. பாறசாலை டிப்போவில் இருந்து ரிட்டயரான நாங்கள் பதினோரு டிரைவர்கள் வீட்டில் இருந்தபடியே பஸ் ஓட்டுகிற கேம் விளையாடுகிறோம் என்பதும், ஞாயிற்றுக்கிழமைதோறும் நெய்யாற்றின்கரையில் இருந்து களியிக்காவிளை வரைக்கும் வரிசையாகப் போவோம் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. யாரோ பிள்ளைகள் நம்ம ரோட்டை அப்படியே அதுக்குள்ள வரைஞ்சு வெச்சிருக்கினும். இதுவரைக்கும் அஜிஷாவுக்க பழைய லேப்டாப்புலதான் நான் ஓட்டினது, அதனால எப்பவும் கடைசி வண்டி. நேத்தைய ஞாயிறுக்கு முன்வண்டி எனக்குன்னு முன்னாலயே முடிவாச்சு. முன்வண்டின்னா சும்மா இல்ல கேட்டியளா, அவன் போற வேகந்தான் பின்னால வாற பத்து பேருக்கும் வேகம். சர்வீசுல இருந்த காலத்துல இப்படி ஒரு மரியாதை எனக்குக் கிட்டினதே இல்ல. அதுக்காக்கும் நல்ல கம்ப்யூட்டரா கட்டணும்னு உங்ககிட்ட லிஸ்ட் கேட்டது. நீங்களும் கிராபிக்ஸ் கார்டு பெருசா இருக்கட்டும், பெட்டி சாதாரணமா, காத்து போக வழி உள்ளதா இருந்தா போதும்னு எழுதினிய. அந்த லிஸ்டை சட்டைப்பையில வெச்சுக்கிட்டுதான் நெய்யாற்றின்கரை கடைக்குப் போனேன், சத்தியமா.

அங்க ரெஷ்மான்னு ஒரு பெண்ணு, அவதான் எல்லாத்தையும் பூட்டிக் குடுக்குறது. அவளுக்குப் பின்னால ஒரு பெட்டி இருந்துது மக்கா. முன்னால கண்ணாடி, பக்கத்துல கண்ணாடி, உள்ள ஒன்பது ஃபேன், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல மின்னுது. முப்பத்தொண்ணு வருஷம் சர்க்கார் வண்டி ஓட்டினவன் நான், ஒரு குஞ்சம் தொங்கவிட அனுமதி கிடையாது. டூரிஸ்ட் பஸ்ஸெல்லாம் லைட்டும் பாட்டுமா நம்மள முந்திப் போறதைப் பாத்துப் பாத்து ஏங்கின மனசு, அந்தப் பெட்டியைக் கண்டதும் அங்கேயே உக்காந்திட்டுது. ரெஷ்மா தன்மையாத்தான் பறஞ்சா: “அங்கிள், லைட்டு வண்டி ஓட்டாது. கார்டுதான் ஓட்டும்.” நேத்து முளைச்ச பிள்ளை எனக்கு வண்டி ஓட்டம் படிப்பிக்கியாளேன்னு ஒரு வீம்பு. கண்ணாடிப் பெட்டியும் ஒன்பது ஃபேனும் வேணும்னா, அதே காசுக்குக் கார்டு சின்னதாத்தான் வரும்னு சொன்னா. ஆகட்டும்னு சொல்லிட்டேன். உங்க லிஸ்ட் அப்ப சட்டைப்பையில கிடந்து என்னைக் குத்துச்சு, நான் சட்டை பண்ணல.

வீட்டுக்கு வந்ததும் உங்க மாமி, இது என்ன மீன் தொட்டியான்னு கேட்டா. லைட்டைப் போட்டேன். அடுப்புல கிடந்த மீன் கரியுற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டு நின்னா. பின்ன தொடங்கிச்சு வினை. நம்ம வீட்டுல புதுசா எது வந்தாலும் அவ கையால ஒரு லேஸ் உறை போடாம விடமாட்டான்னு உங்களுக்குத் தெரியுமே. டிவிக்கு உண்டு, மிக்ஸிக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்கு உண்டு, எனக்க ஹெல்மெட்டுக்கும் உண்டு. மூணு நாள் ஊசியும் நூலுமா இருந்து இதுக்கும் ஒண்ணு பின்னினா, தலையில இருந்து கால் வரைக்கும், விளிம்புல ஜாலர் வெச்சு. லைட்டு தெரியணும்னு நான் கெஞ்சினதால முன்பக்கம் மட்டும் பூப்பூவா ஓட்டை. சும்மா சொல்லக்கூடாது, ஞானஸ்நானத்துக்குப் போற பிள்ளை கணக்கா இருந்துது. எனக்கும் பெருமை தாங்கல.

ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபம் வெச்சோம். புது சாமானம் வந்தா ஜெபிக்காம தொடுறது எப்படி. பாஸ்டர் உலகம் உண்டானதுல தொடங்கி நிதானமா ஜெபிச்சு வாறாரு, உறைக்குள்ள கம்ப்யூட்டர் ஒன்பது லைட்டோட எரிஞ்சுக்கிட்டே இருக்கு. ஆமென் சொல்லி, கேக்கும் சிப்சும் தின்னு, வந்தவிய பத்திருபது பேரும் எனக்குப் பின்னால பயணிகளா உக்காந்திட்டாவ. நெய்யாற்றின்கரையில இருந்து எடுத்தேன் வண்டியை. எனக்க பின்னால பத்து பஸ். நெஞ்சு நிறைஞ்சுபோச்சு மக்கா. அமரவிளை பாலத்துல ஏறினதும் பெட்டிக்குள்ள ஒரே இரைச்சல், வண்டி விக்கி விக்கிப் போச்சு, பின்ன பாலத்துக்க நடுவுல அப்படியே நின்னுபோச்சு. பின்னால வந்த பத்தும் ஒண்ணு மேல ஒண்ணா வந்து இடிக்குது. ஹெட்போன்ல பொன்னப்பன், எனக்குப் பிறகு ரிட்டயரானவன், “எலே செல்லையா, பாலத்துல நிறுத்தி குளிக்கவா போன?”ன்னு கேக்கான். முன்வண்டி அஞ்சு நிமிஷம் நின்னா அடுத்த வண்டிக்கு முன்னிடம் போயிரும், அதாக்கும் எங்க சட்டம். அடுத்த வண்டி பொன்னப்பன். பாஸ்டர் மெல்ல எழும்பி, ஜெபத்துல குறை ஒண்ணும் இல்லன்னு பொதுவா சொல்லிட்டுப் போயிட்டாரு.

எனக்கு வந்த பதட்டத்தை, வெப்ராளத்தை எப்படி எழுத. உறையைத் தொட்டா இட்லிச் செம்பு சூடு. வலிச்சு உரிச்சு வீசினேன். பக்கத்துக் கண்ணாடியைக் கழத்தினேன். ஒன்பது லைட்டையும் அணைச்சு, அடுக்களை டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து உள்ளுக்குக் காத்து அடிச்சாச்சு. கேமுக்குள்ள மரம் வேண்டாம், நிழல் வேண்டாம், ஆத்துத் தண்ணி வேண்டாம்னு ஒவ்வொண்ணா குறைச்சாச்சு. நாலரை நிமிஷத்துல வண்டி அனங்கி நகந்துச்சு. உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை எல்லாம் மொட்டையா வந்துது, ஆனா வண்டி வெண்ணெயா ஓடிச்சு. களியிக்காவிளையில முதல்ல சேர்ந்தது நான்தான். “உனக்க கை இவ்வளவு நிதானமா ஓடி முப்பது வருஷத்துல நான் கண்டதில்ல”ன்னு பொன்னப்பன் வாயாலயே சொன்னான். அடுத்த ஞாயிறும் முன்வண்டி நம்ம வீட்டுக்குத்தான்னு எல்லாருமா முடிவு செஞ்சாச்சு.

ஆகையால் மருமோனே, அழகு போதும், இனி எனக்கு ஓட்டந்தான் வேணும். லிஸ்டில் நீங்கள் எழுதிய அந்தப் பெரிய கார்டை சனிக்கிழமைக்குள் கூரியரில் அனுப்பி மாமாவுக்க மானத்தைக் காக்கவும். உங்கள் உத்தியோகத்தையும் அஜிஷாவின் முதுகுவலியையும் கர்த்தர் தம் கையில் ஏற்று, உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
அன்பு மாமா,
செல்லையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன் உங்கள் மாமி வாங்கி வாசித்துவிட்டாள். ஜெபம் நடந்த வீட்டில் இருந்து பொய் எழுதின கடிதம் போகக்கூடாதாம். டேபிள் ஃபேனுக்கு ஸ்டாண்டு கிடையாது, யாராவது கையில பிடிக்கணும். பாலத்தில் இருந்து களியிக்காவிளை வரைக்கும் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். ஓட்டினது அவ. நான் மத்தியானம் உறங்குற நேரமெல்லாம் ஆறு மாசமா அந்தப் பழைய லேப்டாப்புல ஓட்டிப் படிச்சிருக்கா, எனக்கே நேத்துதான் தெரியும். பொன்னப்பன் புகழ்ந்த பிறகு மைக்ல, “எல்லாரும் எறங்கலாம், குடையை மறந்திராதிய”ன்னா. மத்த பத்து பேருக்கும் அப்பதான் தெரிஞ்சுது, ஓட்டினது நான் இல்லன்னு. அடுத்த ஞாயிறு முன்வண்டி அவளுக்குன்னுதான் முடிவு. கார்டு அனுப்ப வேண்டாம், மரமில்லாத ரோட்டுலதான் அவளுக்குக் கண்ணு நிக்குதாம். நான் எந்த வண்டின்னு கேட்டேன். ஃபேனை யாரு பிடிப்பான்னு கேட்டா.